நர்சம்மா கன்னத்துக்குப் பசை எடுத்த கதை

சம்பூர்ணத்தின் கைகள் களிம்பு குழைத்துக்கொண்டிருந்தன. பளிங்குக் கல்லின் நடுவே வெள்ளை வாஸ்லின் ஒரு குவியல். அதற்குள் நூற்றுக்கு ஆறு பங்கு பென்சாயிக் ஆசிட், மூன்று பங்கு சாலிசிலிக் ஆசிட். அகலக் கத்தியால் அதை இழுத்தாள், மடித்தாள், நசுக்கினாள், மறுபடி இழுத்தாள். பொடி நறநறவென்று மிச்சமிருந்தால் படர்தாமரை போவதற்கு முன்னால் தோல் போய்விடும். அதனால் கை நிதானமாகத்தான் போகவேண்டும். வாய்க்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அது மருந்து கொடுக்கும் சன்னலுக்கு வெளியே நின்றவர்களை ஒவ்வொருவராகக் கவனித்துக்கொண்டிருந்தது.

"நாலு வாரம் போடச் சொன்னேன், நாலு நாள்ல நிறுத்திட்டு வந்து திரும்ப வந்துட்டுதுன்னா? அது எங்கயும் போவலை. அரிப்புதான் போச்சு. தறிக்குழியில கால் ஈரமா இருக்குது பாரு, அதைத் தொடைச்சிட்டு, விரல் இடுக்குல போடு. அடுத்தது யாரு?"

1972ஆம் வருஷம், பிள்ளையார்பாளையத்தில் டாக்டர் வரதராஜனின் டிஸ்பென்சரி. சம்பூர்ணம் பதினெட்டு மாதம் நர்ஸ் பயிற்சி முடித்து அங்கே சேர்ந்து பதினாலு வருஷம் ஆகியிருந்தது. பட்டு நெசவுத் தெருவில் பிறந்து, பட்டு நெய்கிறவரையே கட்டிக்கொண்டு, நூலைத் தொடாமல் தோலைத் தொட்டுச் சம்பாதிக்கிறவள் அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அடுத்து வந்தவள் நீலாம்பாள். தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றும் பெண், பத்தொன்பது வயது, நெற்றி முழுக்கப் பரு.

"கிள்ளினியா?"

"இல்லீங்க நர்சம்மா."

"கிள்ளியிருக்கே. தழும்பு சொல்லுது. கிள்ளினா பள்ளம் நிக்கும், உன் கல்யாணத்துக்கப்புறமும் நிக்கும். ரெண்டு வேளை சோப்பு போட்டுக் கழுவு, மூணாவது வேளை வேணாம். நெத்தியில எண்ணெய் வழிய விடாதே. ஸ்னோ கீனோ எதுவும் பூசாதே. டப்பாவுல வர்ற எதையும் நம்பாதே, தெரிஞ்சுதா?"

நீலாம்பாள் களிம்பை வாங்கிக்கொண்டாள். போகாமல் நின்றாள். சன்னலுக்குள் கூர்ந்து பார்த்தாள்.

"உங்க கன்னத்துக்கு ஒண்ணும் மருந்து இல்லீங்களா, நர்சம்மா?"

குறும்புக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் சுருக்கென்று தைத்தது.

சம்பூர்ணத்தின் இரண்டு கன்னத்திலும் மங்கு, பழுப்புத் திட்டுகளாக. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது வந்தது. பிரசவமானதும் போய்விடும் என்று அவளே நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறாள்; பல பேருக்குப் போயும் இருக்கிறது. அவளுக்கு மட்டும் பிள்ளை பிறந்து, நடந்து, ஆறாம் வகுப்புக்குப் போன பிறகும் மங்கு இருந்த இடத்திலேயே இருந்தது. டாக்டரிடம் ஒரு தரம் கேட்டாள். "வெயில்தாம்மா காரணம். குடை பிடிச்சுக்குங்க. தேய்க்காதீங்க, சுரண்டாதீங்க. வருஷக்கணக்கில மெதுவா மங்கும்" என்றார். டிஸ்பென்சரிக்கும் வீட்டுக்கும் இருநூறு அடி. இருநூறு அடிக்கு யாராவது குடை பிடிப்பார்களா என்று அவள் பிடிக்கவில்லை. அதற்குப் பதிலாக ஜாதிக்காய் இழைத்துப் போட்டாள், தயிர் போட்டாள், பப்பாளி போட்டாள், சிவப்புச் சந்தனம் போட்டாள். எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு. பகலில் சன்னலில் நின்று, "இதெல்லாம் போட்டா ஒண்ணும் நடக்காது" என்று பிறருக்கு அடித்துச் சொன்னாள். அனுபவத்தில் சொன்னாள் என்பது யாருக்கும் தெரியாது.

அன்று திங்கட்கிழமை. நோயாளிகள் போன பிறகு டாக்டர் அவளைக் கூப்பிட்டார்.

"பொம்பளைங்க முகத்தையும் கையையும் தவிர எதையும் என்கிட்ட காட்ட மாட்டேங்கிறாங்கம்மா. புருஷன் வந்து, 'அவளுக்கு அங்க அரிப்பு'ங்கறான். அங்கன்னா எங்கடான்னு கேட்டா தரையைப் பாக்கறான். நான் எதைப் பார்த்து மருந்து குடுக்கறது?"

"நானும் சன்னல்ல அதைத்தான் பாக்கறேன் சார்."

"வர ஞாயித்துக்கிழமை அமாவாசை, தறி ஓடாது. நெசவாளர் சங்கத்துக் கூடத்தைக் கேட்டிருக்கேன். நீங்க பொம்பளைங்களுக்குத் தோல் வியாதியைப் பத்திப் பேசுங்க. பத்து பேராவது வாயைத் திறந்து அவங்க தொந்தரவைச் சொல்லிட்டாங்கன்னா, ஸ்டோர் ரூமை ஒழிச்சு உங்களுக்குக் குடுத்துடறேன். செவ்வாய்க்கிழமை காலையில பொம்பளைங்க மட்டும். நீங்க பாருங்க, சந்தேகம்னா என்னைக் கூப்பிடுங்க. யாரும் வாயே திறக்கலைன்னா விட்டுடுவோம். ஒரு பல் டாக்டர் அந்த ரூமைக் கேட்டுக்கினு இருக்கார்."

சம்பூர்ணம் பதினாலு வருஷமாக மனிதர்களைச் சன்னல் சட்டத்துக்குள் தலை முதல் மார்பு வரைதான் பார்த்திருக்கிறாள். ஒரு அறை, அதற்கு ஒரு கதவு, கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். அது இருந்தால் ஒரு பெண் முதுகைக் காட்டுவாள், தொடையைக் காட்டுவாள். அந்தத் தாழ்ப்பாள் அவளுக்கு வேண்டும். வீட்டுக்குப் போகிற இருநூறு அடியும் அதையே நினைத்துக்கொண்டு போனாள். வாசலை எட்டும்போது வேறொரு நினைப்பு குறுக்கே வந்தது. கன்னத்தில் இரண்டு காஞ்சிபுரம் தாலுக்கா வரைபடத்தை வைத்துக்கொண்டு தோலைப் பற்றி எப்படிப் பேசுவது?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காந்தி ரோட்டில் ஒரு வளையல் கடையில் டப்பா வாங்கினாள். மூடியில் ஒரு சிவந்த பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அஞ்சே நாளில் வெளுப்பு என்று போட்டிருந்தது. இந்த மாதிரி டப்பாக்கள் சிலதில் பாதரசம் கலக்கிறார்கள் என்று டாக்டர் சொல்லி, அதை அவளே பத்துப் பெண்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். "இதுல இருக்காது" என்று முடிவு செய்தாள். எப்படித் தெரியும் என்று அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு ராத்திரி பூசிப் படுத்தாள். தலையணை உறை பளபளத்தது. கன்னம் அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை காமாட்சியம்மாளின் சாயப்பட்டறைக்குப் போனாள். காமாட்சியம்மாளும் அவள் புருஷனும் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர்கள். இருபது வருஷமாகச் சோடாக் காரத்திலும் சாயத்திலும் முக்கி எடுத்த கைகளில் தோல் வெடித்து, வெடிப்புக்குள் ஊதாவும் அரக்கும் இறங்கியிருந்தன. அந்தக் கைக்கான களிம்பைத்தான் சம்பூர்ணம் கொண்டுபோயிருந்தாள்.

"வேலை முடிச்சுக் கை கழுவினப்புறம் போடுங்கக்கா. காலையில சோப்பு போட்டுக் கழுவிட்டு நூலைத் தொடுங்க. போன தரம் மாதிரி களிம்புக் கையோட தொட்டு நூலுல கறை ஏத்திடாதீங்க."

"போன தரம் எப்ப வேணா போடலாம்னு சொன்னது யாரு? நீதான்."

அது உண்மை. சம்பூர்ணம் பேச்சை மாற்ற அடுப்பைப் பார்த்தாள். அண்டாவில் சோப்பும் சோடாவும் கொதித்துக்கொண்டிருந்தன. மஞ்சளாய், மொடமொடப்பாய் உள்ளே போன கச்சாப் பட்டு, கழியில் புரண்டு புரண்டு, நூலோடு பிறந்த பசை கரைந்து, வெள்ளை வெளேரென்று மெத்து மெத்தென்று வெளியே வந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த காட்சிதான். அன்றைக்கு வேறு மாதிரி தெரிந்தது.

காமாட்சியம்மாள் கழியைத் திருப்பிக்கொண்டே புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தாள். "இன்னும் ஒரு கொதி வுடுன்னா கேக்கறியா? பசை போவாம எவ்வளவு நல்ல சாயம் போட்டாலும் மேலதான் நிக்கும், உள்ள எறங்காது. அப்புறம் சாயத்தைக் குத்தம் சொல்லுவே."

சம்பூர்ணத்துக்கு மண்டைக்குள் விளக்கு எரிந்தது. டப்பா மருந்து மேலேயே நிற்கிறது! தலையணைக்குப் போகிறது! கன்னத்தில் பசை இருக்கிறது. நாற்பத்தொரு வருஷத்து வியர்வை, எண்ணெய், பவுடர். பசையை எடுத்துவிட்டால் மருந்து உள்ளே இறங்கும், நூலில் சாயம் இறங்குகிற மாதிரி.

தோல் மூன்று அடுக்கு என்று பரீட்சையில் படம் போட்டு மார்க் வாங்கியவள் அவள். மேல் தோலை உயிரோடு வைத்திருப்பதே அந்த எண்ணெய்ப் பசைதான், அதை எடுத்தால் தோல் வெந்த தோல்தான் என்று எழுதியிருக்கிறாள். அந்தப் பரீட்சை மண்டையின் ஒரு பக்கத்தில் இருந்தது. பட்டறை மறுபக்கத்தில் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று எட்டிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும், புருஷன் நமச்சிவாயம் தறியில் இறங்கியதும், சம்பூர்ணம் சமையலறைக் கதவைச் சாத்தினாள். படித்தவள் அல்லவா, அளவில் தப்பு வரக்கூடாது. மருந்து அளக்கிற ஸ்பூனால் இரண்டு ஸ்பூன் சலவைச் சோடா, ஒரு பிடி சோப்புச் சீவல், அரை டம்ளர் வெந்நீர். நூலுக்கு ஒரு மணி நேரம் என்றால் கன்னத்துக்குக் கால் மணி போதும். துணியில் நனைத்து இரண்டு கன்னத்திலும் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தாள்.

மூன்றாவது நிமிஷம் கொஞ்சம் காந்தியது. பசை இறங்குகிறது என்று நினைத்தாள். ஆறாவது நிமிஷம் நன்றாக எரிந்தது. நிறைய இருந்திருக்கிறது என்று நினைத்தாள். பத்தாவது நிமிஷத்தில் துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்தாள். அப்போதாவது அண்டா அண்டாவாகத் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். கண்ணில் தெறித்தாலும் கையில் பட்டாலும் காரத்துக்கு முதல் மருந்து தண்ணீர், கடைசி மருந்தும் தண்ணீர் என்று சாயக்காரர்களுக்கு அவள் மனப்பாடமாகச் சொல்லித் தந்தது அதைத்தான். சம்பூர்ணம் எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்துத் தேய்த்தாள். காரத்துக்குப் புளிப்பு முறிவு என்று கணக்கு. அவள் போட்ட சத்தத்தில் தறி நின்றுவிட்டது.

நமச்சிவாயம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். நிதானமான மனுஷன். மனைவியின் முகத்தை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இன்னாமே இது?"

"கம்பளிப்பூச்சி."

"ரெண்டு கன்னத்துலயுமா?"

"ரெண்டு பூச்சி."

"ஜோடியா வந்துச்சா? ரெண்டும் அளவெடுத்த மாதிரி ஒரே எடத்துல ஏறியிருக்குதே."

"போய் தறியைப் பாருங்க."

"பாக்கறேன். அந்தப் பூச்சிங்க சோப்பு போட்டுக் குளிச்சிட்டு வந்திருக்குதுங்க போல. வாசனை தூக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குத் தலைவலி என்று டிஸ்பென்சரிக்குச் சொல்லி அனுப்பினாள். சனிக்கிழமை போகாமல் இருக்க முடியவில்லை. கன்னம் இரண்டும் செக்கச்செவேலென்று வீங்கி, அங்கங்கே நீர் கோத்து, ஓரம் கருக்க ஆரம்பித்திருந்தது. டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். அவள் பூச்சிக் கதையைச் சொன்னாள். ஒரு கேள்வி கேட்காமல் நம்பினார். எரிச்சலுக்குப் பூசும் காலமைன் புட்டியை அவரே எடுத்து வந்து கொடுத்து, "பாவம், எரியுமே. முடியலைன்னா நாளைக்கு மீட்டிங்கை அடுத்த அமாவாசைக்கு வெச்சுக்கலாம்" என்றார். பல் டாக்டர் அடுத்த அமாவாசை வரை காத்திருக்க மாட்டார் என்று சம்பூர்ணத்துக்குத் தெரியும். "பேசிடறேன் சார்" என்றாள். சோடா எரிச்சல் ஒரு பங்கு என்றால், அந்த மனுஷன் நம்பியது மூன்று பங்கு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குச் சங்கத்துக் கூடத்தில் ஐம்பது பெண்கள் இருந்தார்கள். டாக்டர் ஒரு தட்டித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சங்கத்துக் காரியதரிசியோடு காபி குடித்துக்கொண்டிருந்தார். சம்பூர்ணம் முகத்தில் காலமைனை இரண்டு பூச்சுப் பூசியிருந்தாள். ரோஜா நிறத்தில் காய்ந்து, வாய் திறக்கும்போதெல்லாம் வெடித்து உதிர்ந்தது. புதுச் சுவருக்கு முதல் கோடை வந்த மாதிரி.

படம் வரைந்த அட்டையைத் தொங்கவிட்டு ஆரம்பித்தாள். தோல் மூன்று அடுக்கு. தேமல் என்பது காளான் வகை, மேலாகச் சுரண்டினால் தவிடு போல உதிரும், களிம்பில் போகும். சொறி சிரங்கு கண்ணுக்குத் தெரியாத பூச்சியால் வருவது, வீட்டில் ஒருத்தருக்கு வந்தால் எல்லாரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொண்டு துணியைக் கொதிக்கவைக்க வேண்டும். வெண்புள்ளி குஷ்டம் அல்ல, தொற்றாது. நன்றாகத்தான் பேசினாள். ஒருத்தியும் அட்டையைப் பார்க்கவில்லை. ஐம்பது ஜோடிக் கண்ணும் அவள் கன்னத்தில் இருந்தன.

"யாருக்காவது இன்னா தொந்தரவுன்னாலும் சொல்லுங்க. நமக்குள்ளதான?"

ஒரு குழந்தை கொட்டாவி விட்டது. சம்பூர்ணம் மனசுக்குள் பத்து என்ற எண்ணை வைத்துக்கொண்டு பூஜ்யத்திலேயே நின்றாள். பல் டாக்டரின் நாற்காலி ஸ்டோர் ரூமுக்குள் போவது கண்ணுக்குத் தெரிந்தது.

பின்வரிசையில் காமாட்சியம்மாள் எழுந்தாள். "எனக்கு ஒரு கேள்வி. உன் கன்னத்துல இன்னா?"

"கம்பளிப்பூச்சிக்கா."

காமாட்சியம்மாள் நேரே முன்னால் வந்தாள். வெடித்த விரலால் காலமைனை ஓரமாக ஒரு தட்டுத் தட்டினாள். தன் முன்கையைத் திருப்பி அவளுக்குப் பக்கத்தில் வைத்தாள். அங்கே அதே சிவப்பு, அதே கருத்த ஓரம், பழசும் புதுசுமாக.

"இது பூச்சி இல்லடி. இருவது வருசமா என் கையில பாக்கறேன், எனக்குத் தெரியாதா? இது காரம். அன்னிக்கு அண்டாவையே பாத்துக்கினு இருந்தியே, இதுக்கா?"

தடுப்புக்கு அந்தப் பக்கம் காபி டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது.

சம்பூர்ணத்துக்கு மூன்றாவது பூச்சியைக் கண்டுபிடிக்க நேரமில்லை. "ஆமா. சோடா" என்றாள். "ரெண்டு ஸ்பூன்."

"இன்னாத்துக்கு?"

"பசை எடுக்க."

கூடம் சிரித்தது. பட்டு நெய்கிற ஐம்பது வீட்டுப் பெண்களுக்கு அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் விளக்கம் தேவையில்லை. நீலாம்பாள் பக்கத்தில் இருந்தவள் தோளில் விழுந்து சிரித்தாள். "அப்புறம் இன்னா சாயம் போடறதா இருந்தீங்க, நர்சம்மா? அரக்கா, மாம்பழக் கலரா?"

"சிவப்புக் கேட்டேன், குடுத்துட்டுது, பாரு" என்றாள் சம்பூர்ணம். அவளுக்கே சிரிப்பு வந்தது; கன்னம் வலித்ததால் பாதியில் நிறுத்தினாள். "சிரிச்சது போதும். பாத்துக்குங்க. நூலுக்கு உயிர் இல்ல, தோலுக்கு இருக்குது. நூலுல பசை போனா வெளுக்கும். தோலுல போனா வேவும். வெந்து ஆறினா முன்னைவிடக் கறுக்கும். இனிமே எனக்கு மங்கு ரெண்டு பங்கு. இதுதான் படம், அந்த அட்டையைக் கழட்டிடுங்க."

அப்போது முன்வரிசையில் ஒருத்தி, "நானும் போட்டிருக்கேன், கழுத்துக் கறுப்புக்கு" என்றாள். நடுவில் இன்னொருத்தி, "நான் முழங்கைக்கு" என்றாள். சம்பூர்ணம் கை தூக்கச் சொன்னாள். ஆறு கை. இந்த யோசனை உலகத்திலேயே தனக்குத்தான் முதலில் உதித்தது என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தவள், தெருவில் ஏழாவது ஆள்.

அதற்கப்புறம் அவள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. படர்தாமரைக்கு மண்ணெண்ணெய் போட்டவள் எழுந்தாள். மருவுக்குச் சுண்ணாம்பும் சவுக்காரமும் குழைத்து வைத்துப் பள்ளமாக்கிக்கொண்டவள் விரலைக் காட்டினாள். ஒருத்திக்குப் பொட்டு வைக்கிற இடம் அரித்துக் கறுத்திருந்தது. நெற்றியில் சாந்து வைக்காமல் வந்தால் மாமியார் என்ன சொல்லுவாள் என்று அழாத குறையாகக் கேட்டாள். "கடைச் சாந்து நிறுத்து. வீட்டுக் குங்குமம் ஒரு சிட்டிகை வெச்சுப் பாரு. அதுவும் அரிச்சா ரெண்டு மாசம் வெறும் நெத்தி. மாமியாரை என்கிட்ட அனுப்பு" என்றாள் சம்பூர்ணம். மார்புக்குக் கீழே வியர்வையில் புண் என்று ஒருத்தி காதில் சொன்னாள். தொடை இடுக்கு என்று இன்னொருத்தி சத்தமாகவே சொன்னாள். பத்து எப்போதோ தாண்டிவிட்டது.

சிரிப்பு ஓய்கிற நேரத்தில் தூணோரமாக நின்றிருந்த ரேணுகாம்பாள் பக்கத்தில் வந்தாள். முப்பது வயது, தறிக்கு நூல் பிணைத்துக் கொடுக்கிற வேலை, அதிகம் பேசாதவள்.

"நானும் போட்டேன் நர்சம்மா. கையில தேமலுக்கு. போட்டவங்க எல்லாம் எரிஞ்சுதுன்னு சொல்றாங்க. எனக்கு எரியவே இல்லியே. நல்ல சோடாதான்."

ரவிக்கைக் கையைத் தூக்கினாள். முழங்கைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு வெளிறியிருந்தது. தவிடு உதிரவில்லை. பூனை முடி இல்லை. வியர்வை இல்லை. நடுவில் சோடா அரித்த புண் இரண்டு இருந்தன. சம்பூர்ணம் கட்டைவிரலால் அந்தப் புண்ணின் ஓரத்தை அழுத்தினாள். ரேணுகாம்பாள் இமைக்கவில்லை.

வெளிறிய இடத்தில் உணர்ச்சி இல்லையென்றால் என்ன என்பதை டாக்டர் பதினாலு வருஷத்தில் இருபது பேரிடம் அவளுக்குக் காட்டியிருக்கிறார். அது தொழுநோய். ஆரம்பம்தான், மாத்திரையில் குணமாகிற ஆரம்பம். ஆனால் அந்தப் பெயர் இந்தக் கூடத்தில் இப்போது ஒரு தரம் காதில் விழுந்தால், நாளைக்கு அவள் பிணைத்த நூலை ஒரு வீட்டிலும் தொடமாட்டார்கள்.

காலமைன் பூசிய முகத்தில் நிறம் மாறினால் வெளியே தெரியாது. அந்த வாரத்தில் அந்த முகம் செய்த ஒரே உபகாரம் அது.

"உனக்குத் தோல் கெட்டி" என்று உரக்கச் சொன்னாள். "எனக்கு மூளை கெட்டி. கொடுத்து வெச்சவ நீ." கூடம் மறுபடி சிரித்தது. நமச்சிவாயம் கேட்ட ஜோடிப் பூச்சிக் கேள்வியை எடுத்துவிட்டாள், அவர் குரலிலேயே. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது ரேணுகாம்பாளின் ரவிக்கைக் கையைத் தானே கீழே இழுத்துவிட்டாள். "நாளைக்குக் காலையில ஆறரைக்கு டிஸ்பென்சரி பின்பக்கமா வரியா? ஸ்டோர் ரூமை ஒழிக்கணும், ஒத்தாசைக்கு ஆள் வேணும். மறந்துடாதே."

"சரிங்க நர்சம்மா."

எல்லாரும் போன பிறகு டாக்டர் தடுப்பைச் சுற்றி வந்தார்.

"பூச்சின்னு சொன்னீங்களேம்மா."

"பொய் சார். மன்னிச்சுக்குங்க. ஸ்டோர் ரூம் அப்புறம் பேசிக்கலாம், முதல்ல ஒரு கை பாக்கணும்" என்று விஷயத்தைச் சொன்னாள். அவர் பூச்சியை மறந்துவிட்டார். "ஆறரைக்கு நானும் வந்துடறேன். ரூம் உங்களுக்குத்தான்" என்றார்.

திங்கட்கிழமை காலையில் ரேணுகாம்பாள் ஆறேகாலுக்கே வந்துவிட்டாள். நிஜமாகவே ஒத்தாசைக்குத்தான் வந்திருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலிப் பெட்டிகளையும் உடைந்த நாற்காலியையும் சம்பூர்ணத்தோடு சேர்ந்து முற்றத்துக்குக் கடத்தினாள். டாக்டர் வந்ததும் சம்பூர்ணம் அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். துருப்பிடித்த தாழ்ப்பாள். இரண்டு தரம் தட்டிய பிறகுதான் விழுந்தது.

"கண்ணை மூடிக்கோ. தொட்ட எடத்தை விரலால காட்டு" என்றாள்.

டாக்டர் பஞ்சுத் திரியால் தொட்டார். தோளில் தொட்டதைக் காட்டினாள். மணிக்கட்டைக் காட்டினாள். வெளிறிய இடத்தில் மூன்று தரம் தொட்டார். ரேணுகாம்பாள் கண்ணை மூடிக்கொண்டு, "எப்ப தொடுவீங்க?" என்றாள்.

டாக்டர் உட்கார்ந்து, பெயரைச் சொல்லியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. தினம் மாத்திரை, இரண்டு மூன்று வருஷம், ஒரு நாள் விடக்கூடாது. குணமாகும். கையில் ஒரே ஒரு இடம்தான், இந்த நிலையில் இது யாருக்கும் ஒட்டாது. உணர்ச்சியில்லாத இடத்தில் சூடு படாமல், காரம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ரேணுகாம்பாள் அவர் சொன்னதையெல்லாம் கேட்டாள். ரவிக்கைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நூல் தொடலாமா?"

"தொடலாம்மா."

"இன்னிக்கே?"

"இன்னிக்கே."

சம்பூர்ணம் மாத்திரையை எண்ணிப் பொட்டலம் கட்டினாள். வெளியே சன்னலில் அதற்குள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, டாக்டர் எங்கே என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் தாழ்ப்பாளை எடுத்து, காலமைன் முகத்தோடு வாசலுக்குப் போய் நின்றாள்.

"இன்னா அவசரம்? டாக்டர் என் மூஞ்சியைப் பாத்துக்கினு இருந்தாரு. பெரிய வேலை, நேரம் ஆவாதா?"

வரிசை சிரித்தது. நேற்றைய கதை அதற்குள் ஆண்களுக்கும் போய்விட்டிருந்தது. ஒருவர் சோடா விலையை விசாரித்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவே ரேணுகாம்பாள் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, முன்வாசல் வழியாகவே நடந்து வேலைக்குப் போனாள். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.